அன்னபூரணி அம்மாள்: கேட்டவர்களுக்குப் பதில்

அன்னபூரணி அம்மாள் எங்கள் ஊரில் கட்டிய பாய்க்கப்பல். நான் யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் பிறந்து, ஹட்டனில் முப்பது வருசம் பாடம் சொல்லிக்கொடுத்தவன். மலையில் இருந்துகொண்டு கப்பலா என்று கேட்காதீர்கள், மற்றதைக் கேளுங்கள்.

கொட்டகலை: சேர், அன்னபூரணி உண்மையிலேயே அமெரிக்கா போனதா?

போனது. 1930இல் வல்வெட்டித்துறையில் கட்டிய சரக்குக் கப்பல், நீளம் 89 அடி. வில்லியம் ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்' என்று பெயர் மாற்றினார். எங்கள் ஊர்த் தண்டையலும் (கப்பல் தலைவர்) ஆட்களும் ஓட்டிப்போய் சுயெஸ், ஜிப்ரால்டர், பெர்முடா வழியாக 1938 ஆகஸ்ட் 1ஆம் திகதி மசாசுசெட்ஸில் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். அதற்கு இரண்டு பாய்மரம். மூன்று பாய்மரத்தோடு படம் வந்தால் அது வேறு கப்பல், பகிராதீர்கள்.

நாவலப்பிட்டி: எங்கள் பூட்டன் இதில்தான் வந்தாராம்?

இல்லை. கோப்பிக் காலத்தில் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்கள் தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாக மாத்தளை வரை நடந்தே வந்தார்கள், வழியில் செத்தவர்கள் ஏராளம். 1914க்குப் பிறகு தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல், அப்புறம் ரயில்.

தலவாக்கலை (தச்சு வேலை): வேப்பமரத்தில் கட்டியதாகச் சொல்கிறார்கள். கடலுக்குத் தேக்குதானே, சேர்?

இதற்காகவே காத்திருந்தேன். கப்பலின் விலா எலும்பு மாதிரி நிற்பதற்கு வங்கு என்று பெயர். அதற்கு வளைவு வேண்டும். நேர்மரத்தை வளைவாக அறுத்தால் ரேகை குறுக்கே அறுபட்டு அந்த இடத்தில் உடையும். தானாக வளைந்து வளர்ந்த கிளையில் ரேகையும் வளைவோடு ஓடும். கப்பல் கட்டும் மேத்திரிமார் வேலியில் நிற்கும் வேம்பைப் பார்த்தே இது எந்த வங்குக்கு ஆகும் என்று குறித்துவிடுவார்கள். தேக்கு நேரே ஓங்குகிற மரம்.

தலவாக்கலை: பலகைக்குத் தேக்கு போடலாமே?

போடலாம், யார் வேண்டாம் என்றது? வங்கைப் பற்றிப் பேசுகிறோம்.

தலவாக்கலை: வேம்பில் செய்த கட்டில் ஒன்று என் கண் முன்னே வெடித்தது.

தம்பி, காயாத மரத்தில் செய்திருப்பார்கள். கட்டில் காற்றில் காய்ந்து வெடிக்கும், கப்பல் பலகை தண்ணீரில் ஊறி இறுகும். இடுக்கில் பஞ்சு திணித்துக் குங்கிலியம் பூசுவதும் உண்டு, அதற்குக் கலப்பற்று என்று பெயர். உங்கள் ஊர்க் குளிரில் வேம்பு சரியாக வராது, பழகினால் தெரியும்.

பண்டாரவளை: தேயிலை ஏற்றினதா?

தேயிலை கொழும்பிலிருந்து நீராவிக் கப்பலில் போனது.

மஸ்கெலியா: எங்கள் தாத்தா அன்னபூரணியில்...

மேலே நாவலப்பிட்டிக்காரருக்குச் சொன்னேன், அதைப் படியுங்கள்.

பொகவந்தலாவ: சேர், இந்தப் படம் அன்னபூரணிதானே?

எண்ணினீர்களா? மூன்று.