நிறம் பார்த்து இணைத்த ஆக்சிஜன் சென்சார்

கேள்வி: என்னுடைய பழைய பெட்ரோல் காரில் முன்பக்க ஆக்சிஜன் சென்சார் பழுதாகிவிட்டதால், எங்கள் ஊர் மெக்கானிக் எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் நான்கு ஒயர் சென்சாரை வாங்கி, பழைய கனெக்டரை வெட்டி இதில் இணைத்தார். பழையதில் இரண்டு கறுப்பு, ஒரு நீலம், ஒரு வெள்ளை ஒயர்கள் இருந்தன. புதியதில் இரண்டு வெள்ளை, ஒரு கறுப்பு, ஒரு சாம்பல். கறுப்போடு கறுப்பையும் வெள்ளையோடு வெள்ளையையும் சேர்த்துவிட்டு, மிச்சமிருந்தவற்றை அனுமானத்தில் இணைத்தார். இப்போது செக் இஞ்சின் விளக்கு அணைவதில்லை. ஸ்கேனரில் பி0135 வருகிறது. ஒயரிங் சரியா என்று நானே பார்க்க முடியுமா?
– வாசகர், தாராபுரம்

பதில்: ஒயரிங் தவறு என்பது உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது. சென்சார் தயாரிப்பாளர்கள் எல்லோரும் ஒரே நிற முறையைப் பின்பற்றுவதில்லை. நீங்கள் சொல்லும் பழைய சென்சார் டென்சோ முறையில் அமைந்தது; அதில் இரண்டு கறுப்பும் ஹீட்டருக்கு (சென்சாரைச் சூடாக்கும் கம்பிக்கு), நீலம் சிக்னலுக்கு, வெள்ளை சிக்னலின் எர்த்துக்கு. புதியது பாஷ், என்.டி.கே. முதலிய நிறுவனங்களின் முறையில் அமைந்தது. அதில் இரண்டு வெள்ளையும் ஹீட்டர், கறுப்பு சிக்னல், சாம்பல் எர்த். எனவே வண்டியின் இரண்டு கறுப்பும் சென்சாரின் இரண்டு வெள்ளைக்கும், நீலம் கறுப்புக்கும், வெள்ளை சாம்பலுக்கும் போயிருக்க வேண்டும். இப்போது ஹீட்டரின் ஒரு முனை சிக்னல் எர்த்தில் போய் நிற்கிறது. ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு என்பதுதான் பி0135 சொல்லும் செய்தி. ஹீட்டருக்கான மின்சாரத்தைத் தாங்கும்படி ஈ.சி.யூ.வின் (இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியின்) சிக்னல் முனைகள் அமைக்கப்படுவதில்லை என்பதால், சரிசெய்யும் வரை அந்தக் கனெக்டரைக் கழற்றி வையுங்கள். மைலேஜ் குறையும், விளக்கும் எரியும். ஆனால் வண்டி ஓடும்.

நிறத்தை மட்டும் நம்பாமல் மல்டிமீட்டரால் உறுதி செய்துகொள்வது நல்லது. இஞ்சின் ஆறியிருக்கும்போது, சென்சார் பக்கத்தில் ஒரே நிறத்தில் உள்ள இரண்டு ஒயர்களுக்கு இடையே ஓம் அளவைப் பாருங்கள். பெரும்பாலும் 2 முதல் 15 ஓம் வரை காட்டினால் அவைதான் ஹீட்டர். அது வெறும் சூடாகும் கம்பி என்பதால் எந்த வெள்ளை எந்தக் கறுப்புக்குப் போனாலும் பாதகமில்லை. மற்ற இரண்டு ஒயர்களில் ஓம் அளவு பார்க்காதீர்கள், மீட்டர் செலுத்தும் மின்சாரம் உள்ளே ஆக்சிஜனை உணரும் சிர்கோனியா பகுதிக்கு ஆகாது.

பிறகு வண்டிப் பக்கத்து ஒயர்களைப் பாருங்கள். மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவில் வைத்து, சாவியை ஆன் செய்தால், கறுப்பு ஒயர்களில் ஒன்றில் பேட்டரி வோல்ட்டேஜ் வர வேண்டும். சில வண்டிகளில் இஞ்சின் ஓடினால்தான் வரும். அறவே வராவிட்டால் முதலில் ஃப்யூஸைப் பாருங்கள். வெள்ளையில் ஏறத்தாழ பூஜ்யம்தான் இருக்க வேண்டும்.

சரியாக இணைத்தபின் இஞ்சினை நன்றாகச் சூடாக்கி, 2,000 ஆர்.பி.எம். அளவில் வைத்துக்கொண்டு சிக்னல் ஒயரில் வோல்ட்டேஜைப் பார்த்தால், அது 0.1-க்கும் 0.9-க்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்க வேண்டும். ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் 0.8-ஐத் தாண்டும்; விட்டால் 0.2-க்குக் கீழே விழும். இதற்கு டிஜிட்டல் மீட்டரே வேண்டும். டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்க்கும் பழக்கம் இந்த ஒயரில் கூடவே கூடாது.

இணைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல சென்சார்களுக்கு ஒப்பீட்டுக்கு வேண்டிய வெளிக்காற்று ஒயரின் இழைகளுக்கு இடையேதான் உள்ளே போகிறது; சால்டரிங் செய்தால் அந்த வழி அடைபட்டுவிடும். கிரிம்ப் செய்யுங்கள் (உலோகக் குழாயில் நுழைத்து அழுத்தி இணையுங்கள்), கிரீஸ் தடவாதீர்கள். என்னைக் கேட்டால், விலை கூடினாலும் அந்த வண்டிக்கென்றே கனெக்டரோடு வரும் சென்சாரை வாங்குவதே மேல். ஐந்து அல்லது ஆறு ஒயர் உள்ள வைட்பேண்ட் சென்சாருக்கு மேலே சொன்ன அளவுகள் எதுவும் பொருந்தா.

கேள்வி: பின்பக்க சென்சாரின் வோல்ட்டேஜ் ஏறி இறங்காமல் 0.65-லேயே நிற்கிறது. இதுவும் ஒயரிங் பிழையா?
– வாசகி, காரைக்குடி

பதில்: இல்லை. புகையைச் சுத்திகரிக்கும் கேடலிடிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் சென்சார் அப்படி நிலையாக நிற்பதே கன்வெர்ட்டர் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். பின்னது ஏறி இறங்கி, முன்னது நிலையாக நின்றால்தான் இரண்டு கனெக்டர்களும் மாறிவிட்டனவோ என்று சந்தேகிக்க வேண்டும். அப்போது ஸ்கேனரில் இரண்டு அளவையும் திரையில் வைத்துக்கொண்டு, முன்பக்கக் கனெக்டரை மட்டும் கழற்றிப் பாருங்கள். பின்பக்க சென்சாரைக் குறிக்கும் 'பேங்க் 1 சென்சார் 2' என்ற வரியில் மாற்றம் தெரிந்தால் மாறித்தான் இருக்கின்றன.