ஜிம் பேக்கஸ்: முகத்துக்கு முன்னே வந்த குரல் (கேள்வி பதில்)

அமெரிக்கத் தொலைக்காட்சியின் துணைநடிகரும் குரல் கலைஞருமான ஜிம் பேக்கஸைப் பற்றி, சிங்கப்பூரின் பல பகுதிகளிலிருந்து அன்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு விடையளிக்கிறேன்.

தெம்பனிஸ் அன்பர்: அவர் முதலில் நடிகரா, குரல் கலைஞரா?

குரலே முதலில் வந்தது. 1913இல் ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லண்டில் பிறந்த அவர், 1940களில் ஆலன் யங்கின் வானொலி நிகழ்ச்சியில் ஹியூபர்ட் அப்டைக் என்னும் செல்வச் சீமானாகப் பேசினார். தாடையை அசைக்காமல், பற்களுக்கு இடையே சொற்களை இழுத்து விடும் அந்தப் பேச்சே, 1964இல் தொடங்கிய 'கில்லிகன்ஸ் ஐலண்ட்' தொலைக்காட்சித் தொடரில் தர்ஸ்டன் ஹௌவல் என்ற கோடீஸ்வரராக உருவெடுத்தது. மூன்று மணி நேரப் படகுலாவுக்குப் பெட்டி பெட்டியாக உடையும் பணமும் எடுத்து வந்த மனிதர், ஆளற்ற தீவில் சிக்கிய பின்னும் தம் மாளிகையில் இருப்பவரைப் போலவே பேசுவார்; அந்தக் குரல் இல்லாவிட்டால் அந்தப் பாத்திரமே இல்லை.

ஈசூன் அன்பர்: நான் குரல் நடிப்பு பழகி வருகிறேன். கார்ட்டூன் படங்களில் பேக்கஸ் பேசிய மிஸ்டர் மகூவின் குரலிலிருந்து எதைக் கற்கலாம், ஐயா?

உறுதியை. 1949இல் வெளிவந்த முதல் மகூ படமான 'ராக்டைம் பேர்' என்பதில், கிட்டப்பார்வைக் கிழவரான மகூ, விலங்கு ரோம மேலங்கி அணிந்த தம் உடன்பிறந்தார் மகன் என்று எண்ணி ஒரு கரடியுடன் உரிமையோடு பேசிக்கொண்டிருப்பார். 'இது கரடியோ' என்ற ஐயத்தின் சாயல் ஒரு சொல்லில் தெரிந்திருந்தாலும் சிரிப்பு அங்கேயே செத்திருக்கும். வசனங்களுக்கு நடுவே அவர் தமக்குத்தாமே முணுமுணுப்பதையும் கூர்ந்து கேளுங்கள்: எழுதிக் கொடுத்த வரியோடு நின்றுவிடாமல், பேக்கஸ் தாமாகவே இட்டுக்கட்டிச் சேர்த்தவை அவற்றில் உண்டு. நம் வானொலி நாடகங்களில் பலர் சிரிக்க வைக்க வேண்டும் என்ற அவசரத்தில் குரலைக் கோணலாக்குகிறார்கள். எனக்கு அது வருத்தம் தருகிறது. பாத்திரம் தன்னை நம்ப வேண்டும், அவ்வளவே. மகூ வரிசைப் படங்கள் இரண்டு, 1954, 1956 ஆகிய ஆண்டுகளுக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றன.

ஜூரோங் அன்பர்: என் பிள்ளைகள் இருவரும் கண்ணாடி அணிபவர்கள். பார்வைக் குறையைக் கேலி செய்வது தகுமா?

நியாயமான கேள்வி. பேக்கஸ் மறைந்த பிறகு, 1997இல் மகூவை வைத்து வேறு நடிகரோடு திரைப்படம் வந்தபோது, அமெரிக்கப் பார்வையற்றோர் அமைப்பு கண்டனம் தெரிவித்தது. தொடக்கப் படங்களில் சிரிப்புக்குக் காரணம் கண்ணை விட மகூவின் பிடிவாதமே என்பது என் கருத்து. பின்னாளில் கண்ணை மட்டுமே நம்பியவை தரத்தில் தாழ்ந்தன. அவற்றை விட என்னை உறுத்துவது, 1960களின் மகூ தொலைக்காட்சிப் படங்களில் வரும் சார்லி என்ற சீனப் பணியாளர்தான். அவருடைய பேச்சைக் கொச்சைப்படுத்தியிருக்கும் விதத்தைச் சிங்கப்பூரில் வாழும் நாம் சிரித்துக் கடந்துவிட முடியாது. பிள்ளைகளுடன் பார்த்தால், அதை வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

பொங்கோல் அன்பர்: பிற்காலம் எப்படி இருந்தது?

பார்க்கின்சன் நோய் அவரைத் தளர்த்தியது. 1981இல் வந்த 'கில்லிகன்' தொலைக்காட்சிப் படத்தில் சிறிது நேரமே தோன்றினார். 1989இல் மறைந்தார்.

உட்லண்ட்ஸ் அன்பர்: நகைச்சுவைக்கு அப்பால் அவருடைய நடிப்பைக் காண எதைப் பார்க்கலாம்?

1955இல் வந்த 'ரெபெல் வித்தவுட் எ காஸ்' படத்தில் நாயகன் ஜேம்ஸ் டீனின் தந்தையாக வருகிறார். மனைவிக்காக எடுத்து வந்த உணவுத் தட்டைக் கைதவறிக் கொட்டிவிட்டு, கோட்டு சூட்டின் மேல் சுருக்கு வைத்த சமையல் ஏப்ரனைக் கட்டியபடி, தரையில் மண்டியிட்டு அள்ளிக்கொண்டிருப்பார். நகைச்சுவைத் தொடரில் அரங்கமே அதிர்ந்து சிரிக்கக்கூடிய கோலம்தான் அது. ஆனால் பார்த்து நிற்கும் மகனுக்கோ அவமானம் தாங்கவில்லை. பேக்கஸ் அங்கும் சிரிப்பை வேண்டவில்லை, இரக்கத்தையும் வேண்டவில்லை; மனைவி பார்ப்பதற்குள் துடைத்துவிட வேண்டும் என்பதில் மட்டுமே கருத்தாக இருக்கிறார். மகூவைப் பார்த்த கையோடு இந்தக் காட்சியையும் பாருங்கள்.