புராஸ்டேட் எடுத்த பிறகு சிறுநீர்க் கசிவு: கேள்வி பதில்

நான் பாளையங்கோட்டையில் பிசியோதெரபிஸ்ட். புற்றுநோய்க்காகப் புராஸ்டேட்டை (மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் ஆண்களின் சுரப்பி) முழுதாக எடுத்தவர்கள், எடுக்கப்போகிறவர்கள் கேளுங்கள். மருந்து, ஆபரேஷன் சங்கதியெல்லாம் உங்கள் யூராலஜி டாக்டரிடம்.

அம்பாசமுத்திரம்: அடுத்த மாதம் அப்பாவுக்கு ஆபரேஷன். அதற்கப்புறம் சிறுநீர் அடக்க வராதாமே?

கொஞ்ச நாளைக்கு வராது. மூத்திரப்பை வாயில் ஒரு பூட்டு, புராஸ்டேட்டுக்குக் கீழே ஒரு பூட்டு. ஆபரேஷனில் மேல்பூட்டு பெரும்பாலும் போய்விடும். கீழ்ப்பூட்டு மட்டுமே தாங்க வேண்டும். அதற்குத் துணை நிற்கும் இடுப்புத்தளத் தசையைத்தான் பழக்குகிறோம். இப்போதே தொடங்கச் சொல்லுங்கள். கசிவும் வலியும் வந்தபிறகு தசையைத் தேடுவது பெரும்பாடு.

எந்தத் தசை? மார்கழி விடியலில் தாமிரபரணியில் குறுக்குத்துறைப் படியில் இறங்குகிறார். தண்ணீர் தொடையைத் தாண்டி 'அங்கே' தொடும்போது ஒரு இழு இழுப்பார் பாருங்கள், அதுதான். துணியில்லாமல் கண்ணாடி முன் நின்று செய்யட்டும். உறுப்பு லேசாக உள்ளே போகும், விதைப்பை மேலே ஏறும். வயிறும் பிட்டமும் இறுகினால் தப்பு. மூச்சை அடக்கினாலும் தப்பு. 5 எண்ணும்வரை பிடித்து, 5 எண்ணும்வரை விடணும். 10 தடவை, தினம் 3 வேளை. பழகப் பழக 10 எண்ணிக்கை வரை போகலாம்.

வள்ளியூர்: ஆபரேஷனில் வைத்த மூத்திர டியூப் இன்னும் எடுக்கவில்லை. பயிற்சி செய்யலாமா?

கூடாது. எடுத்தபிறகு, டாக்டர் சொன்னதும்.

மேலப்பாளையம்: டியூப் எடுத்து 3 வாரம். ராத்திரி கசிவில்லை, காலையில் பரவாயில்லை, சாயங்காலமானால் பேட் நனைகிறது.

சரியான பாதையில்தான் போகிறீர்கள். படுக்கையில்தான் முதலில் நிற்கும். சாயங்காலம் தசை களைத்துவிடும், அவ்வளவுதான். இருமும் முன், நாற்காலியிலிருந்து எழும் முன், குடம் தூக்கும் முன் ஒரு இழு இழுத்துக்கொள்ளுங்கள். பலருக்கு 3 மாதத்திலேயே நன்றாகக் குறையும். சிலருக்கு ஒரு வருஷம் ஆகும். கசிவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள். மூத்திரம் கெட்டியானால் பை எரிந்து இன்னும் அவசரப்படுத்தும்.

தென்காசி: நான் யோகா ஆசிரியர். இது அடிப்பக்கத்தை உள்ளிழுக்கும் நம் மூலபந்தம்தானே அண்ணாச்சி? புதுசாக என்ன?

பேரில் எனக்கு வழக்கில்லை. ஆனால் மூலபந்தம் தெரியும் என்று வருகிறவர்களில் பலர் ஆசனவாயைத்தான் இழுக்கிறார்கள். காற்றை அடக்க அது போதும். மூத்திரத்துக்கு இழுப்பு முன்பக்கம் வேண்டும்.

தென்காசி: 20 வருஷமாகச் சொல்லித்தருகிறேன். எனக்கே முன்பக்கம் பின்பக்கமா?

சொல்லித்தருவது வேறு, கண்ணாடியில் பார்ப்பது வேறு. பார்த்துவிட்டு வாருங்கள்.

களக்காடு: தண்ணீரைக் குறைத்தால் கசிவு குறையாதா?

மேலே படியுங்கள்.

நாங்குநேரி: சுக்குக்காபி குடிக்கலாமா?

சுக்கும் கருப்பட்டியும் மட்டும் என்றால் தாராளமாக. காபித்தூள் சேர்ந்தால் குறையுங்கள், பையைக் கிளறிவிடும்.

டவுன்: சிறுநீர் போகும்போதே நிறுத்தி நிறுத்திப் பழகச் சொல்கிறார்களே?

தசை எங்கே என்று தெரிய ஒரே ஒரு தடவை செய்து பார்க்கலாம். தினமும் பயிற்சியாகச் செய்யாதீர்கள், பை முழுதாகக் காலியாகாமல் போகும். இதை ஊர் முழுக்க யார் பரப்புகிறார்களோ!

சேரன்மாதேவி: தண்ணீரை ராத்திரி மட்டும்...

படுக்கப்போகும் முன் 2 மணி நேரம் வேண்டுமானால் குறையுங்கள். பகலில் கூடாது. இது மூன்றாவது தடவை வே!

தச்சநல்லூர்: ஒன்றரை வருஷமாகிவிட்டது. தினம் 4 பேட்.

பயிற்சியை மட்டும் நம்பி இன்னும் காத்திருக்காதீர்கள். செயற்கைப் பூட்டு உண்டு: மூத்திரக்குழாயைச் சுற்றி ஒரு பட்டை, விதைப்பைக்குள் ஒரு சின்ன பம்ப். அமுக்கினால் பட்டை தளர்ந்து சிறுநீர் போகும், அப்புறம் தானே இறுகும். கசிவு குறைவானவர்களுக்கு மூத்திரக்குழாயைக் கீழிருந்து தாங்கும் பட்டை வைப்பதுண்டு. எது பொருந்தும் என்று டாக்டர் சொல்வார். வெட்கப்பட்டுப் பேட் மாற்றிக்கொண்டே இருந்தால் யாருக்குத் தெரியும்?

தென்காசி: கண்ணாடி பார்த்தேன் அண்ணாச்சி. அசையவில்லை.

மார்கழி வரட்டும், குறுக்குத்துறைக்கு வாரும்.