அக்கா கட்டிவிடுவாள்

கேள்வி: எனக்கு 25 வயது. ஊர் அருப்புக்கோட்டை. பி.காம். முடித்து, நேரடியாக சி.ஏ. இன்டர்மீடியட்டில் சேர்ந்தேன். முதல் குரூப் தேறிவிட்டேன். இரண்டாம் குரூப்பில் நான்கு முறை தோல்வி. செலவுக் கணக்கியல் தாளான காஸ்டிங்கில் 30-ஐத் தாண்டியதே இல்லை. சென்ற முறை மட்டும் 63 வந்தது. ஆனால் ஆடிட்டிங்கில் 38, நிதி மேலாண்மைத் தாளில் 44. சென்னையில் திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கிப் படிக்கிறேன். இனி சி.ஏ. சரிப்படாது என்று தோன்றுகிறது. முதலீட்டுத் துறைக்கான சி.எஃப்.ஏ.வில் மனப்பாடம் கிடையாது, உலகம் முழுவதும் செல்லும் என்கிறார்கள். சிலர் இடர் மேலாண்மைக்கான எஃப்.ஆர்.எம். என்கிறார்கள், சிலர் மேலாண்மைக் கணக்கியலுக்கான அமெரிக்க சி.எம்.ஏ. என்கிறார்கள். எதற்கு மதிப்பு அதிகம்? பணம் பிரச்சினை இல்லை. பயிற்சி, தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்து முதல் நிலைக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் ஆகும்; அக்கா கட்டிவிடுவாள். அவளும் பி.காம்.தான். திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் காஸ்டிங் ஷீட் போடும் வேலை. (நார்மல் லாஸ் எனக்குப் புரியாமல் இருந்தபோது சாயப்பட்டறையை வைத்து அவள்தான் இரவில் போனில் சொல்லிக்கொடுத்தாள்.) அவளுக்கு வரன் பார்க்கிறார்கள். அதற்குள் பணத்தைக் கட்டிவிட்டால் நல்லது.

பதில்: தம்பி, உங்கள் கடிதம் நான்கு பக்கம், மேலே இருப்பது சுருக்கம். நான்கு பக்கத்தில் உங்கள் அக்காவுக்குக் கிடைத்தது ஐந்து வரி. அதிலும் ஒன்றை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டீர்கள். சி.எஃப்.ஏ.வா, எஃப்.ஆர்.எம்.மா என்று நீங்கள் கேட்டிருந்ததை ஒருமுறை படித்தேன். அந்த அடைப்புக்குறியை ஐந்தாறு முறை படித்தேன்.

சாயப்பட்டறையை வைத்து அவள் எப்படிச் சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். (உங்கள் அக்கா என் மகள் வயது. அதனால் 'அவள்' என்றே எழுதுகிறேன்.) நான் 31 ஆண்டு ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் இருந்தவள். நூறு கிலோ துணி சாயத்துக்குப் போனால் நூறு கிலோ திரும்பி வராது. ஐந்து கிலோ குறையும், ஆறு கிலோ குறையும். குறையும் என்று போகும்போதே தெரியும். யாரும் சண்டைக்குப் போவதில்லை. குறைந்த ஆறு கிலோவின் விலையும் மிச்சமுள்ள தொண்ணூற்று நான்கு கிலோவின் தலையில் ஏறும். பன்னிரண்டு கிலோ குறைந்தால்தான் பட்டறைக்காரருக்குப் போன் போகும். அது அசாதாரண நட்டம், அதற்குத் தனிக் கணக்கு உண்டு. முதலாவதைத்தான் உங்கள் புத்தகம் நார்மல் லாஸ் என்கிறது. இயல்பு நட்டம்.

உங்கள் வீட்டுக் கணக்கில் அக்காவை அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறீர்கள். போகும் என்று தெரிந்து போகிற ஆறு கிலோ. கேள்வி கேட்க ஆளில்லை, தனிக் கணக்கும் இல்லை.

அவள் செய்யும் வேலை இன்னதென்று உங்களுக்குத் தெரியுமா? ஒரு டி-ஷர்ட்டுக்கு விலை சொல்லவேண்டும். நூல் கிலோ என்ன விலை, நிட்டிங் கூலி என்ன, சாயம், காம்பாக்டிங், ஒரு பீஸுக்கு எத்தனை கிராம் துணி, கட்டிங்கில் எவ்வளவு வேஸ்ட், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங், அட்டைப்பெட்டி, துறைமுகம் வரை லாரி வாடகை. இத்தனையையும் ரூபாயில் கூட்டி டாலரிலோ யூரோவிலோ சொல்ல வேண்டும். ஐந்து சென்ட் கூட்டிச் சொன்னால் ஆர்டர் வேறு ஊருக்குப் போகும். ஐந்து சென்ட் குறைத்துச் சொன்னால் ஒரு லட்சம் பீஸுக்கு ஐயாயிரம் டாலர் முதலாளி கையை விட்டுப் போகும். அதற்கிடையில் நூல் விலை ஏறியிருக்கும். பகல் முழுவதும் இதைச் செய்துவிட்டு, இரவில் போனை எடுத்து உங்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறாள். 30-ஐத் தாண்டாத தாள் 63 ஆனது அப்படித்தான். பயிற்சி மையத்துக்குக் கட்டிய பணம் அதைச் செய்யவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். எதற்கு மதிப்பு அதிகம் என்பது நகைக்கடையில் கேட்கிற கேள்வி. தொழில் படிப்பில் கேட்க வேண்டியது, நாளை காலை எந்த நாற்காலியில் உட்காரப் போகிறோம் என்பது. ஒரு கம்பெனியின் தணிக்கை அறிக்கையில் கையெழுத்துப் போட சட்டப்படி சி.ஏ. வேண்டும். செலவுத் தணிக்கையில் கையெழுத்துப் போட நம் நாட்டு சி.எம்.ஏ. வேண்டும், பழைய ஆட்கள் இன்னும் ஐ.சி.டபிள்யூ.ஏ. என்றுதான் சொல்வார்கள். அமெரிக்க சி.எம்.ஏ.வுக்கும் அதே மூன்றெழுத்து, அந்தக் கையெழுத்து உரிமை மட்டும் கிடையாது. விளம்பரத்தில் இந்த வித்தியாசத்தைப் பெரிய எழுத்தில் போட மாட்டார்கள். பன்னாட்டு நிறுவனங்களின் இந்தியக் கிளைகளில் வேலைக்கு அது உதவும், அவ்வளவுதான். எஃப்.ஆர்.எம். வங்கியில் இடர் மேலாண்மைப் பிரிவில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு. அதை இங்கேயே விட்டுவிடலாம்.

சி.எஃப்.ஏ. நல்ல படிப்பு. பங்கு ஆராய்ச்சி, முதலீட்டு நிர்வாகம் என்று மும்பையில் நாற்காலி பிடித்தவர்களுக்கு மிக நல்ல படிப்பு. மூன்று நிலைகள். ஒவ்வொன்றுக்கும் தேர்வுக் கட்டணம் மட்டுமே ஆயிரம் டாலருக்கு மேல். மூன்றும் தேறினாலும் பட்டம் கைக்கு வர, முதலீட்டு முடிவுகளோடு தொடர்புள்ள வேலையில் குறைந்தது 36 மாதங்களில் 4,000 மணி நேரம் காட்ட வேண்டும். அதுவரை பெயருக்குப் பின்னால் அந்த எழுத்துகளைப் போட அனுமதி இல்லை. அந்த வேலை உங்களுக்கு இருக்கிறதா? மேன்ஷன் அறையில் உட்கார்ந்து 4,000 மணி நேரத்தைக் காட்ட முடியாது. மனப்பாடம் இல்லை என்று உங்களுக்குச் சொன்னவரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: முதல் நிலையின் 180 கேள்விகளில் 15 முதல் 20 சதவீதம் தொழில் நெறிகள். வரி வரியாகப் படிக்காமல் அதில் தேற முடியாது. ஆடிட்டிங்கில் 38 வாங்கிவிட்டு ஓடுகிறவருக்கு அங்கேயும் அதே சுவர்தான்.

பங்குச் சந்தை ஆராய்ச்சி உண்மையிலேயே உங்களுக்குப் பிடிக்குமா என்று பார்க்க, பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையமான செபி 2006-இல் தொடங்கிய என்.ஐ.எஸ்.எம். நிறுவனம் ஆராய்ச்சி ஆய்வாளர்களுக்கென்றே ஒரு தேர்வு வைக்கிறது. இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். அந்தப் புத்தகத்தையே நாற்பது பக்கத்துக்கு மேல் புரட்ட முடியவில்லை என்றால் இரண்டு லட்சம் தப்பியது.

உங்கள் மதிப்பெண்ணை நீங்கள் கூட்டிப் பார்த்தீர்களா? 63, 38, 44, மொத்தம் 145. தேறுவதற்குத் தாளுக்கு 40, குரூப்புக்கு 150. ஆடிட்டிங்கில் இன்னும் ஐந்து மதிப்பெண் வந்திருந்தால் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டீர்கள். 60-க்கு மேல் வாங்கிய காஸ்டிங் தாளை அடுத்த மூன்று தேர்வுகளுக்கு எழுத வேண்டியதில்லை. அந்த 63 மொத்தத்திலும் சேரும். இன்டர்மீடியட் இப்போது ஆண்டுக்கு மூன்று முறை நடக்கிறது. ஆக, அக்கா சம்பாதித்துக் கொடுத்த 63 ஓராண்டுக்குச் செல்லும். அதைக் குப்பையில் போட்டுவிட்டு, அவளிடமே போய் இரண்டு லட்சம் கேட்கிறீர்கள்.

ஆடிட்டிங் வராததற்குக் காரணம் எளிது. ஆடிட்டர் அலுவலகத்துக்குள் நீங்கள் கால் வைத்ததே இல்லை. இப்போதைய விதிப்படி இரண்டு குரூப்பும் தேறிய பிறகுதான் ஆடிட்டரிடம் பயிற்சி பெறும் ஆர்ட்டிகிள்ஷிப்புக்குப் பதிவு. ஆனால் உதவியாளராகப் போக யாரும் தடை சொல்லவில்லை. வரித் தணிக்கைக் காலத்தில் எந்த ஆடிட்டர் அலுவலகத்திலும் ஆள் போதாது. ஒரு மொத்த மளிகைக்கடைக்குப் போய் மிளகாய் மூட்டையை எண்ணி இருப்பு எடுங்கள். ஒரு மாதம் பில்களைப் பேரேட்டோடு ஒப்பிட்டு டிக் அடியுங்கள். சான்று என்றால் என்ன, மாதிரி எடுப்பது என்றால் என்ன என்று புத்தகம் சொல்வதெல்லாம் கைக்கு வந்துவிடும். அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை ஒரு மணி நேர பஸ் பயணம். திருவல்லிக்கேணி அறைக்கு வாடகை கொடுப்பது யார் என்று நீங்கள் எழுதவில்லை. நான் ஊகித்துக்கொண்டேன்.

இனி அந்தக் கடைசி வாக்கியம். "அவளுக்கு வரன் பார்க்கிறார்கள். அதற்குள் பணத்தைக் கட்டிவிட்டால் நல்லது." அதாவது, அவள் சம்பளம் இன்னொரு வீட்டுக்குப் போவதற்குள். இதை எழுதும்போது உங்கள் பேனா ஒரு நொடி நிற்கவில்லையா? இருபத்தைந்து வயது ஆண் பிள்ளை, தமக்கையின் கல்யாணத்துக்கு என்ன செய்யப் போகிறோம் என்று யோசிக்க வேண்டிய நேரத்தில், கல்யாணத்துக்கு முன் என்ன கறக்கலாம் என்று தேதி பார்க்கிறார். நான் பழைய காலத்து ஆள், வெளிப்படையாகவே சொல்கிறேன். நாளை அவள் பிள்ளைக்கு உங்கள் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். தாய்மாமன் சீர் என்று உங்கள் தட்டைத்தான் ஊர் எட்டிப் பார்க்கும். அந்த மடிக்கு இப்போதிருந்தே கொஞ்சம் தகுதி தேடிக்கொள்ளுங்கள். உங்கள் அப்பா அம்மாவையும் விட மாட்டேன். ஒரே பட்டம் படித்த இரண்டு பிள்ளைகளில் ஒன்றைச் சென்னைக்குப் படிக்கவும் இன்னொன்றைத் திருப்பூருக்குச் சம்பாதிக்கவும் அனுப்பியது யார்? விதி என்று சொல்லாதீர்கள்.

என் சம்பளத்திலும் ஒருவன் படித்தான். நன்றாக இருக்கிறான், என்னை நன்றாகவே வைத்துக்கொள்கிறான். நான் வாங்கிய ஐ.சி.டபிள்யூ.ஏ. விண்ணப்பப் படிவம் மட்டும் அலுவலக மேசை இழுப்பறையில் ஆறு வருடம் கிடந்தது. கடைசியில் அதன் பின்பக்கத்தில் கழித்தல் கணக்குப் போட்டேன்.

எனவே உங்களுக்குச் சொல்வது இது. சி.ஏ.வை விட வேண்டாம், ஓராண்டு இருக்கிறது. சி.எஃப்.ஏ. இப்போது வேண்டாம். பணம் கட்டிப் படிக்க வைக்க வேண்டிய ஆள் ஒருவர் உங்கள் வீட்டில் இருக்கிறார், உங்கள் அக்கா. அவள் சி.ஏ.வுக்கு வந்தால் இரண்டாண்டு ஆர்ட்டிகிள்ஷிப்புக்காக வேலையை விட வேண்டும். நம் நாட்டு சி.எம்.ஏ. என்றால் வேலையில் இருந்துகொண்டே படிக்கலாம். பட்டதாரி என்பதால் நேராக இன்டர்மீடியட். எட்டுத் தாள், இரண்டு குரூப், ஆண்டுக்கு இரண்டு தேர்வு. ஜூன் தேர்வுக்கு ஜனவரி 31-க்குள்ளும் டிசம்பர் தேர்வுக்கு ஜூலை 31-க்குள்ளும் பதிவு செய்ய வேண்டும். ஆடிட்டர் அலுவலகத்தில் கிடைக்கும் முதல் சம்பளங்களைச் சேர்த்து அந்தக் கட்டணத்தை நீங்கள் கட்டுங்கள். வரன் பார்க்கிறவர்களிடம், பெண் படித்துக்கொண்டிருக்கிறாள், கல்யாணத்துக்குப் பிறகும் படிப்பாள் என்று தம்பியாக நீங்களே சொல்லுங்கள். அதற்கு முகம் சுளிக்கிற வீடு எது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லதுதானே.

முதல் குரூப்பில் அவளுக்கு நான்கு தாள்: சட்டம், நிதிக் கணக்கியல், வரி, காஸ்டிங். காஸ்டிங்கை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்ற மூன்றும் நீங்கள் உங்கள் முதல் குரூப்பில் தேறிய பாடங்கள். இரவு பத்து மணிக்கு மேல் அவள் விடுதி அறைக்கு வந்திருப்பாள். சாப்பிட்டு முடிக்கட்டும், அதன்பிறகு நீங்கள் போன் செய்யுங்கள்.