சாவியைக் கொடுக்கும் முன் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள்

கேள்வி: சுங்கை சிப்புட்டில், தோட்டத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) நான்கு வருடமாக வாடகைக்கு இருக்கிறேன், மாதம் 850 வெள்ளி (ரிங்கிட்). போன வருடம் எலெக்ட்ரிக் கார் வாங்கியபோது, வீட்டுக்கார ஐயா "தாராளமா போட்டுக்கப்பா" என்று சொன்னதை நம்பி, மூன்று ஃபேஸுக்கு மாற்றி 11 கிலோவாட் சார்ஜர் மாட்டினேன். மொத்தம் 6,200 வெள்ளி. ஐயாவும் என் அப்பாவும் ஒரே தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். ஐயாவை ஈப்போ ஆஸ்பத்திரிக்கு இதே காரில்தான் கூட்டிப்போய் வந்தேன். இப்போது வீடு மகன் பெயருக்கு மாறிவிட்டது. மாதக் கடைசியில் காலி செய்யச் சொல்லி முறையாக நோட்டீஸ் கொடுத்துவிட்டார், சார்ஜர் வீட்டோடு சேர்ந்தது என்கிறார். டெபாசிட்டில் கழித்துக்கொள்ளட்டும் என்று இரண்டு மாத வாடகையை நிறுத்திவிட்டேன். 6,200 வெள்ளி கைக்கு வரும்வரை சாவி கொடுக்காமல் இருக்கலாமா?

பதில்: கூடாது. அந்த எண்ணத்தை இன்றைக்கே விட்டுவிடுங்கள்.

ஐயாவுக்கு நீங்கள் செய்த உதவி, அப்பா காலத்துப் பழக்கம், இது எதுவும் வழக்கில் ஒரு சதம்கூடப் பெறாது. இங்கே ஒரே கேள்விதான்: சுவரில் மாட்டிய பெட்டி யாருடையது, எதுவரை உங்களுடையது?

மலேசியாவின் தேசிய நிலச் சட்டப்படி நிலத்தோடு நிலையாகப் பொருத்தியது நிலத்தைச் சேர்ந்தது. மகன் சொல்வது இதைத்தான், அதில் பாதி சரி. ஆனால் வாடகைக்கு இருப்பவர் தன் வசதிக்காக மாட்டிய பொருள், சுவரைப் பெரிதாகச் சேதப்படுத்தாமல் கழற்ற முடிந்தால், வாடகைக் காலம் முடிவதற்குள் அதை எடுத்துக்கொள்ளலாம். உங்கள் சார்ஜர் நான்கு திருகில் நிற்கும் பெட்டி, அதை எடுக்கலாம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாமல் இருந்தால். சுவருக்குள் ஓடும் கேபிள், புது டிபி பெட்டி (மின்சாரத்தைப் பிரித்துவிடும் பெட்டி), மூன்று ஃபேஸ் இணைப்பு எல்லாம் வீட்டோடுதான், அந்தப் பணத்தை மறந்துவிடுங்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 71-வது பிரிவைக் காட்டி, பலன் அடைந்தவர் பணம் கொடுக்க வேண்டும் என்று யாராவது உங்களுக்குச் சொல்லக்கூடும். நீங்கள் செலவு செய்தது உங்கள் காருக்காக, மகனுக்காக இல்லை. அந்த வாதத்தில் நான் நம்பிக்கை வைக்க மாட்டேன்.

சாவியைக் கொடுத்த பிறகு பெட்டியைக் கேட்டுப் போனால், உரிமை போய்விட்டது என்பார்கள். அதனால் மாதக் கடைசிக்குள் கழற்றுங்கள். நண்பரை வைத்து இல்லை, பதிவு பெற்ற வயர்மேனை வைத்து. பிரேக்கரை இறக்கி, கேபிள் முனையை மூடி, போட்டோ எடுத்து, செய்த வேலைக்கு எழுத்தில் ரசீது வாங்குங்கள். மாட்டியபோது வயர்மேன் கொடுக்கும் சான்றிதழ் படிவங்களான போராங் ஜி (வேலை முடிந்ததற்கு), போராங் எச் (சோதித்ததற்கு) இரண்டும் கையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அவை இல்லாமல் செய்த வயரிங்கை விட்டுவிட்டுப் போய், நாளைக்கு அந்த டிபியில் நெருப்புப் பிடித்தால் முதலில் உங்கள் பெயர்தான் வரும்.

இனி எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிற விஷயத்துக்கு வருகிறேன். வாடகையை நிறுத்தியதும், சாவியைப் பிடித்து வைக்க நினைப்பதும். "டெபாசிட் இருக்கே, கழிச்சுக்கட்டும்" என்று நம் ஊரில் எல்லாரும் செய்வதுதான், நியாயமாகத் தோன்றும், ஆனால் என்னிடம் வந்தவர்களில் அதிகம் அடிபட்டவர்கள் இதைச் செய்தவர்களே. டெபாசிட் என்பது சேதத்துக்கும் பாக்கிக்கும் ஈடாக வீட்டுக்காரர் கையில் இருப்பது. எதற்குக் கழிப்பது என்று நீங்கள் தன்னிச்சையாக முடிவு செய்ய முடியாது. நீங்கள் கட்டாத 1,700 வெள்ளி இன்றைக்கு வெறும் வாடகைப் பாக்கி.

வாடகைப் பாக்கி இருந்தால் 1951-ஆம் ஆண்டு டிஸ்ட்ரெஸ் சட்டப்படி, உங்களைக் கேட்காமலேயே வீட்டுக்காரர் கோர்ட்டில் வாரண்ட் வாங்கலாம், 12 மாதம் வரையுள்ள பாக்கிக்கு. கோர்ட் ஊழியரான பெய்லிஃப் வந்து வீட்டில் இருக்கும் சாமான்களைப் பறிமுதல் செய்யப் பட்டியல் போடுவார். சோபா, ஃப்ரிட்ஜ் மட்டும் இல்லை, போர்ச்சில் சார்ஜில் நிற்கும் காரிலும் கண் போகும். கடன் முடியாத கார் என்றால் பேங்க்கும் நடுவில் வரும், விளக்கம் சொல்லவே நாட்கள் ஓடும், அதுவரை வேலைக்கு எதில் போவீர்கள்?

அடுத்தது இன்னும் மோசம். நோட்டீஸ் காலம் முடிந்தும் காலி செய்யாமல் இருந்தால், 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 28(4) பிரிவுப்படி வீட்டுக்காரர் இரட்டை வாடகை கேட்கலாம். உங்களுக்கு மாதம் 1,700. மூன்று மாதம் வீம்பு பிடித்தால் 5,100. அதோடு பாக்கி 1,700-ஐச் சேர்த்தால், நீங்கள் சண்டை போடுகிற 6,200-ஐத் தாண்டிவிடும். நியாயம் தன் பக்கம் என்று நம்பி உட்கார்ந்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். கடைசியில் டெபாசிட்டும் போய், தவணை போட்டு வீட்டுக்காரருக்கே கட்டினார்.

கோர்ட் உத்தரவு இல்லாமல் மகன் உங்களை வெளியே தள்ள முடியாது, 1950-ஆம் ஆண்டு குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் 7(2) உங்களைக் காக்கும், சரி. ஆனால் அது உங்களை வெளியேற்றும் முறைக்குத்தான் தடை, இரட்டை வாடகை ஓடுவதை அது நிறுத்தாது.

"சார்ஜர் இல்லாமல் கார் எப்படி ஓடும்" என்ற கவலையில்தான் நீங்கள் இப்படி வீம்பாக நிற்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஈப்போ போய் வர சுமார் 60 கிலோமீட்டர், அதற்கு ஏறக்குறைய 10 யூனிட் போதும். சாதாரண மூணு பின் பிளக்கில் 10 ஆம்பியரில் இரவு பத்து மணி நேரம் போட்டால் 20 யூனிட்டுக்கு மேல் ஏறிவிடும். புது வீட்டில் சாக்கெட்டையும் வயரையும் வயர்மேனிடம் காட்டிய பிறகு போடுங்கள், எக்ஸ்டென்ஷன் வயர் மட்டும் வேண்டவே வேண்டாம். பழைய தோட்டத்து வீடுகளில் சாக்கெட் உருகிக் கறுத்துப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே சமாதானமாகப் போங்கள், வெளிப்படையாகவே சொல்கிறேன். நிறுத்திய இரண்டு மாத வாடகையை இந்த வாரமே பேங்க் வழியாகக் கட்டிவிட்டு, ஆதாரத்தை வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் 'வித்தவுட் பிரெஜுடிஸ்' (சமாதானப் பேச்சுக்காக மட்டும், பின்னால் எனக்கு எதிராகக் காட்டக் கூடாது) என்று தலைப்பிட்டு மகனுக்கு ஒரு பக்கக் கடிதம்: பெட்டியை நான் எடுத்துக்கொள்கிறேன், மூன்று ஃபேஸ் வேலையும் கேபிளும் உங்களுக்கே, அதற்குக் காசு கேட்கவில்லை, பழைய நிலைக்கு மாற்றித் தரச் சொல்ல வேண்டாம், டெபாசிட் முழுவதையும் சாவி கொடுக்கும் அன்றே தாருங்கள். இந்தக் கடைசி இரண்டும் உங்களுக்கு முக்கியம். 'வீட்டைப் பழையபடி ஒப்படைக்க வேண்டும்' என்ற வாசகம் பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு ஒரு ஃபேஸுக்கு மாற்றும் செலவை அவர் உங்கள் தலையில் கட்டலாம். ஐயா வாயால் சொன்னதை நிரூபிக்க வாட்ஸ்அப் ஏதாவது இருந்தால் அதைத் தேடி எடுங்கள், பேரத்துக்கு உதவும். மாதக் கடைசிக்குள் இருவரும் கையெழுத்துப் போட்டுவிடப் பாருங்கள், அவர் போடாவிட்டாலும் சாவியைப் பிடித்து வைக்காதீர்கள்.

அதன் பிறகும் டெபாசிட் தராவிட்டால், 5,000 வெள்ளிக்குள் என்பதால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சிறு கோரிக்கையாக நீங்களே போடலாம், வக்கீல் வேண்டாம். ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், கட்டாததை அபராதத்தோடு கட்டாமல் கோர்ட் ஆதாரமாக ஏற்காது. சார்ஜர் ரசீது உங்கள் பெயரில் இருந்தால், அந்த ஆண்டு வருமான வரியில் 2,500 வெள்ளி வரை கழிவு கேட்டீர்களா என்றும் பாருங்கள்.

புது வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்: "குடியிருப்பவர் தன் செலவில் மாட்டும் கார் சார்ஜரை, வாடகைக் காலம் முடியும்போது கழற்றி எடுத்துக்கொள்ளலாம்."