மொட்டை மலையில் என்ன இருக்கிறது?

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்குச் சொந்த ஊர் ஓமலூர்ப் பக்கம். இப்போது ஓமானில், நிஸ்வாவில் கட்டுமான வேலையில் இருக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் நண்பர்களோடு ஹஜர் மலைகளுக்குப் போய், வாடி என்னும் வறண்ட ஆற்று மணலிலேயே கூடாரம் போட்டுத் தங்குகிறோம். எங்கும் கருகிய பாறைதான். நிழலுக்கு ஒரு காஃப் மரம் கிடைத்தால் பெரிது. ஏற்காட்டைப் பார்த்து வளர்ந்த எனக்கு இந்தச் செத்துப்போன மலை மனதில் ஒட்டவில்லை. அடுத்த ஆண்டு இமயமலைக்குப் போக நினைக்கிறேன். அதற்கு முன் என்ன நூல்களைப் படிக்கலாம்? எந்தக் கேமரா வாங்கலாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

கேமராவைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆற்று மணலில் படுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். மண்ணும் மரமும் இல்லாத சரிவில் மழைநீரைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. உங்கள் தலைக்குமேல் வானம் தெளிந்திருக்கும்போதே, எங்கோ மலைமேல் பெய்த மழை வெள்ளமாக வந்து கூடாரத்தை அடித்துக்கொண்டு போய்விடும். ஊரில் பெற்றவர்கள் காத்திருக்கிறார்கள். மேட்டில் தங்குங்கள்.

செத்துப்போன மலை என்று நீங்கள் எழுதியதுதான் என்னைச் சுட்டது, ஏனென்றால் சில மாதங்களாக நான் ஹஜர் மலைகளைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். கருகியது என்று நீங்கள் சொல்லும் பாறைகளில் பெரும்பகுதி பெரிடோடைட், அதாவது புவி மேலோட்டுக்கு அடியில் இருக்கும் கவசத்தின் பாறை. சுமார் 9.5 கோடி ஆண்டுகளுக்கு முன் டெத்திஸ் என்ற பழங்கடலின் தரையாக உருவான ஓடும் அதன் அடியிலிருந்த கவசமும் சேர்ந்து, பின்னர் அரேபிய நிலத்தின் விளிம்பின்மேல் ஏறிவிட்டன. அந்தக் கவசத்தை எட்டுவதற்காக 1961இல் அமெரிக்கர்கள் பசிபிக் கடலடியில் துளையிடத் தொடங்கி, 1966இல் கைவிட்டார்கள். சோவியத் ஒன்றியம் கோலா தீபகற்பத்தில் 12 கிலோமீட்டருக்கும் மேல் துளையிட்டும் எட்டவில்லை. நீங்கள் அதன்மேல் செருப்புக் காலோடு நடந்துவிட்டு, ஒன்றுமில்லை என்று எழுதுகிறீர்கள்.

அதையும் ஒரு ஓமலூர்க்காரர் எழுதுவதை என்னால் பொறுக்க முடியவில்லை. ஏற்காட்டின் அடிவாரத்தில், சேலத்துக்கும் உங்கள் ஊருக்கும் நடுவே இருக்கும் வெள்ளைக்கல் சுரங்கங்களை எத்தனை முறை பேருந்திலிருந்து பார்த்திருப்பீர்கள்? அங்கே இருக்கும் டூனைட் என்ற பாறையும் பெரிடோடைட் குடும்பம்தான். கரியமில வாயு கரைந்த நீர் அதன் விரிசல்களில் இறங்கி, பாறையிலுள்ள மக்னீசியத்தோடு கூடி, மேக்னசைட் என்னும் வெள்ளைக்கல்லாக நரம்பு நரம்பாக உறைந்திருக்கிறது.

என் பெரியம்மா அந்தச் சுரங்கம் ஒன்றில் கல் பிரிக்கும் வேலைக்குப் போனவர். பழுப்புப் பாறையைச் சிறு சுத்தியலால் தட்டி, வெள்ளையைத் தனியே எடுத்துக் கூடையில் போடுவார். ஒருநாள் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார் என்று கொடுத்தார், அப்படியே ஒட்டிக்கொண்டது. உடைந்த முகம் பீங்கான் சில்லு மாதிரி வழுவழுப்பாக இருந்தது. கூட வந்த பழுப்புப் பாறையின் உள்ளே கரும்பச்சை நிறம். அந்தக் கல்லிலிருந்து எஃகு உலைகளுக்குச் செங்கல் செய்வார்கள் என்பது அவருக்குத் தெரியும். அது எந்த ஆழத்துப் பாறையில் விளைந்தது என்பதை அவருக்கும் யாரும் சொல்லவில்லை, அதே ஊரில் படித்த எனக்கும் எந்த ஆசிரியரும் சொல்லவில்லை. பச்சையாக இருப்பதுதான் மலை, மற்றதெல்லாம் கல் வெட்டி எடுக்கத்தான் என்று நம்மைப் பழக்கிவிட்டார்கள். இந்தப் பழக்கத்தின்மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு.

சேலத்தில் முன்னொரு காலத்தில் நடந்த அந்த வேலை ஓமானில் இன்றும் நடக்கிறது. மலைக்குள் இறங்கிய மழைநீர் கடும் காரநீராக மாறி ஊற்றெடுத்து, வெளியே வந்ததும் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து, ஓரமெல்லாம் வெள்ளைப் படிவாகிறது. இப்படி ஓயாமல் வேலை செய்யும் மலையையா செத்துப்போனது என்கிறீர்கள்? நீங்கள் நிழலுக்கு ஒதுங்கிய காஃப் மரமும் கொடுமுடிக் கோயிலில் நாம் சுற்றிவந்து கும்பிடும் அதே வன்னிதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு சுத்தியலோடு போங்கள். பழுப்புக் கல் ஒன்றை உடைத்து உள்நிறத்தைப் பாருங்கள். வெள்ளை நரம்பு கண்ணில் பட்டால் அது எத்தனை விரல் அகலம், எந்தப் பக்கம் சாய்ந்து ஓடுகிறது, இரண்டு நரம்புகள் வெட்டும் இடத்தில் எது எதை அறுத்துக்கொண்டு போகிறது என்று குறித்து எனக்கு எழுதுங்கள். இமயமலை நூல்களை அதன்பிறகு பேசுவோம்.