இரண்டு அரியர் விழுந்தால் படிப்பை நிறுத்திவிடலாமா?

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் குலசேகரம் பக்கம். அப்பா ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி. அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, நாகர்கோவிலில் பி.எஸ்சி. இயற்பியல் முதலாமாண்டு படிக்கிறேன். வகுப்பு முழுக்க ஆங்கிலம், பாதி புரிவதில்லை. முதல் செமஸ்டரில் இரண்டு அரியர். விடியற்காலை அப்பாவுக்கு உதவிவிட்டு பஸ் பிடிப்பதால் முதல் ஹவர் பெரும்பாலும் போய்விடும். அட்டெண்டன்ஸ் குறைவு என்று எச்சரித்திருக்கிறார்கள். வீட்டில் எதுவும் சொல்லவில்லை. என்னோடு படித்தவர்கள் கேரளாவுக்கு வேலைக்குப் போய் சம்பாதிக்கிறார்கள். நானும் நிறுத்திவிட்டுப் போய்விடலாமா?

பதில்: நிறுத்தாதே, மக்களே. குறைந்தது இந்த இரண்டாம் செமஸ்டர் பரீட்சை முடியும்வரை அந்த முடிவைத் தள்ளி வை. உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உனக்குப் படிப்பு வராது என்று காட்டும் ஒரு வரிகூட அதில் இல்லை. மொழி ஒரு சிக்கல், காலை நேரம் ஒரு சிக்கல். இரண்டையும் யாரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள்ளேயே வைத்திருப்பதால் இரண்டும் சேர்ந்து மலையாகத் தெரிகிறது. நான் இந்த மாவட்டத்தில் பல வருடம் இயற்பியல் நடத்தியவன். முதல் வருடத்தில் படிப்பை விட்டுப் போன பிள்ளைகளில் பலர் ஏன் போனார்கள் என்பது, போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. முன்பே வந்து சொல்லியிருந்தால் ஏதாவது செய்திருப்போமே என்ற வருத்தம் இன்றைக்கும் எனக்கு உண்டு.

மொழியிலிருந்து தொடங்குகிறேன். முதல் செமஸ்டரில் பருப்பொருளின் பண்புகள் பாடம் உனக்கு இருந்திருக்கும். எஃகு, ரப்பர் இரண்டில் எதற்கு மீட்சித்தன்மை, அதாவது உருமாற்றத்தை எதிர்த்துப் பழைய வடிவத்துக்குத் திரும்பும் குணம், அதிகம்? ரப்பர் என்றுதான் முதல் வருடப் பிள்ளைகள் பலரும் சொல்வார்கள். விடை எஃகு. ஒரே அளவு தகைவு (ஓரலகுப் பரப்பில் வரும் விசை) கொடுத்தால் எஃகில் வரும் திரிபு (நீளம் மாறும் விகிதம்) மிகக் குறைவு, ஆகவே தகைவைத் திரிபால் வகுத்தால் வரும் அதன் யங் குணகம் அதிகம். இதை இப்படித் தமிழில் சொன்னால் உனக்கு உடனே புரியும், பதினொன்றாம் வகுப்பிலேயே படித்திருக்கிறாய். கல்லூரியில் வாத்தியார் ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெய்ன், யங்ஸ் மாடுலஸ் என்கிறார். ஸ்ட்ரெஸ் என்றதும் மன அழுத்தம்தான் உன் நினைவுக்கு வரும். தகைவும் ஸ்ட்ரெஸ்ஸும் ஒன்றே என்று யாரும் உனக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். உனக்குக் குறைவது இயற்பியல் இல்லை, சில நூறு சொற்கள்.

அந்தச் சொற்களைப் பிடிக்க நல்ல வழி ஒன்று இருக்கிறது. நம் மாநிலத்தின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் புத்தகங்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே பாட வரிசையில் வந்திருக்கின்றன. இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். நாளை நடக்கப்போகும் பாடம் எது என்று இன்றைக்கே பார்த்துக்கொண்டு, அதற்குப் பக்கத்தில் வரும் பள்ளிப் பாடத்தை இரண்டு மொழியிலும் பக்கம் பக்கமாக வைத்துப் படி. பரப்பு இழுவிசை என்று இங்கே இருந்தால் அங்கே சர்ஃபேஸ் டென்ஷன், பாகுநிலை என்று இங்கே இருந்தால் அங்கே விஸ்காசிட்டி. ஒரு சின்ன நோட்டில் இரண்டையும் எதிரெதிரே எழுது. ஒரு யூனிட்டுக்கு முப்பது நாற்பது சொல்லைத் தாண்டாது. அந்த நாற்பதும் காதுக்குப் பழகிவிட்டால் வகுப்பில் மிச்ச ஆங்கிலம் தானாக வழிவிடும். இலக்கணப் புத்தகம், ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் கேட்டு வை. பாடம் ஆங்கில வழியில் நடந்தாலும் மாணவர்கள் தாய்மொழியில் தேர்வெழுத அனுமதிக்கலாம் என்று 2023 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. உன் கல்லூரியில் அதற்கு வழி இருக்கிறதா என்று துறைத் தலைவரிடம் கேள். இருந்தாலும் கலைச்சொற்களை ஆங்கிலத்திலும் படித்துக்கொள், எம்.எஸ்சி.க்கும் வேலைக்கும் அது வேண்டும்.

அடுத்து அட்டெண்டன்ஸ். முதல் ஹவர்தானே என்று நீ நினைத்துவிட்டாய். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள், நாளுக்கு 5 ஹவர் என்று வைத்தால் மொத்தம் 450. தினமும் முதல் ஹவர் போனால் 90 ஹவர் காலி, உன் அட்டெண்டன்ஸ் 80 சதவீதத்தில்தான் தொடங்குகிறது. பரீட்சை எழுத வேண்டிய 75 சதவீதம் என்றால் 338 ஹவர். அதற்குப் பிறகு நீ லீவு போடக்கூடியது வெறும் ஐந்து நாள். ஒரு கல்யாணம், ஒரு காய்ச்சல், ஒரு கோயில் கொடை போதும், கீழே இறங்கிவிடுவாய். பொதுவாக 65-க்கும் 75-க்கும் இடையில் இருந்தால் காரணம் காட்டி, கட்டணமும் கட்டி, பரீட்சை எழுத அனுமதி வாங்கலாம். அதற்கும் கீழே போனால் அந்த செமஸ்டரே சிக்கலாகிவிடும். ஒவ்வொரு கல்லூரியும் ஹவர் கணக்கை ஒவ்வொரு விதமாக வைக்கும், ஆகவே உன் ஹவர் எண்ணிக்கையை இந்த வாரமே கேட்டு எழுதிக்கொள்.

சரி, காலை வேலையை என்ன செய்வது? அப்பாவுக்கு உதவாதே என்று நான் சொல்லமாட்டேன். மரத்தில் பால் நன்றாக இறங்குவது வெயில் ஏறுவதற்கு முன்புதான், அந்த நேரத்தில் இன்னொரு கை கூட இருந்தால் எவ்வளவு உதவி என்று எனக்குத் தெரியும். ஆனால் வேலையைப் பிரித்துப் பார். வெட்டு விடியலில்தான் நடக்க வேண்டும். உறைந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பால் எடுப்பது, பால் பிடிக்கும் சிரட்டைகளைச் சுத்தம் பண்ணுவது, ரப்பர் ஷீட் காயப்போட்டு எடுப்பது இதில் பாதியைச் சாயங்காலத்துக்கும் சனி, ஞாயிறுக்கும் மாற்றலாம். வெட்டுக்கு விடுமுறை நாளில் மட்டும் போ. அப்புறம், பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிரும்போது வெட்டு நிற்குமே? உன் இரண்டாம் செமஸ்டரின் நடுப்பகுதி அது. அந்த வாரங்களில் ஒரு முதல் ஹவரையும் விடாதே. இழந்ததை அங்கேதான் மீட்க முடியும். கல்லூரியிலும் விஷயத்தைச் சொல்லிவை. காரணம் தெரியாத வாத்தியாருக்கு நீ தினமும் லேட்டாக வரும் பையன் மட்டும்தான். வீடு தூரம் என்றால் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை, ஆதிதிராவிடர் நலத்துறை நடத்தும் இலவசக் கல்லூரி விடுதிகளும் உண்டு. நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் விசாரித்தால் இடம் இருக்கிறதா என்று சொல்வார்கள்.

பஸ்ஸில் உட்காரும் நேரத்தையும் வீணாக்க வேண்டாம். குலுங்கும் வண்டியில் புத்தகம் படித்தால் தலைவலிதான் வரும். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, நேற்று நடந்த பாடத்தை நினைவிலிருந்து உனக்கு நீயே சொல்லிப் பார். எந்த இடத்தில் நிற்கிறதோ அதுதான் சாயங்காலம் படிக்க வேண்டிய இடம். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006-இல் மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்ததை நினைவுக்குக் கொண்டுவந்து எழுதிப் பார்த்தவர்கள் தெளிவாக முந்தியிருந்தார்கள். பரீட்சைக்கு முந்தின ராத்திரி முழுக்கப் புரட்டுவதைவிட, வாரம் ஒரு பழைய வினாத்தாளை எடுத்துப் புத்தகம் பார்க்காமல் எழுதிப் பார்ப்பது நல்லது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அரியர் என்பது உன் நெற்றியில் எழுதியது இல்லை. அந்தத் தாளை மறுபடி எழுதலாம், எழுதிக்கொண்டே அடுத்த செமஸ்டரும் படிக்கலாம். நம் பக்கத்துக் கலை, அறிவியல் கல்லூரிகளில் பொதுவாக இன்டர்னல் 25, பல்கலைக்கழகத் தேர்வு 75. இன்டர்னலில் எவ்வளவு இருக்கிறது, தேர்வில் எவ்வளவு எடுத்தால் பாஸ் என்று தாள் வாரியாகப் பார். எவ்வளவு வேண்டும் என்று ஒரு எண் தெரிந்துவிட்டால் பயம் பாதியாகும்.

பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பையன்களுக்கு 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண். கல்லூரி வழியாகத்தான் பதிய வேண்டும், ஆதார் இணைந்த வங்கிக் கணக்கு கட்டாயம். சாதிச் சான்று, வருமானச் சான்று இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு உன் பிரிவுக்கான உதவித்தொகைக்கும் மனு போடு. மழைக்காலத்தில் வெட்டு நிற்கும்போதுதான் கட்டணம் கட்டும் நாளும் வரும், அப்போது இந்தப் பணம் கைகொடுக்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் இயற்பியலே பிடிக்கவில்லை என்றால் அதுவும் தப்பில்லை. நாகர்கோவிலில் கோணம் என்ற இடத்தில் அரசு பாலிடெக்னிக் இருக்கிறது, ஐ.டி.ஐ.யும் இருக்கிறது. அறிவியல் பிரிவில் பன்னிரண்டு முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர விண்ணப்பிக்கலாம். கையில் ஒரு தொழிலோடு கேரளாவுக்குப் போவதும், வெறுங்கையோடு போவதும் ஒன்றல்ல. கூலியே வேறு.

ராத்திரி தூக்கம் வரவில்லை, செத்துப்போகலாம் போல இருக்கிறது என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதே. 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடு. இலவசம், எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

அப்பாவிடம் சொல்வதுதான் உனக்குப் பெரிய பயம் என்று தெரிகிறது. வெட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் சொல்லாதே. வேலை முடிந்து, குளித்து, சாப்பிட்டு உட்காரும் நேரம் பார். மார்க் ஷீட்டைக் காட்டி, "அப்பா, ரெண்டு பேப்பர் போச்சு. இன்ன தேதியில திரும்ப எழுதப் போறேன். காலையில வெட்டுக்கு வராம இருந்தா பாஸாயிடுவேன்" என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடு. கோபப்படுவார். கொஞ்ச நேரம் கழித்து, "எந்தப் பேப்பர்டா?" என்று கேட்பார். சொல்வதற்கு உன் கையில் ஒரு தேதி வேண்டும், ஆகவே திங்கட்கிழமை கல்லூரி அலுவலகத்துக்குப் போய், அரியர் கட்டணம் கட்டக் கடைசி நாள் எது என்று முதலில் கேட்டுக்கொண்டு வா.